பின்னால் வளைந்த ஹேண்டில்பார்

மூன்று ஹேண்டில்பாரையும் பெஞ்சின்மேல் வரிசையாகப் பரப்பிவிட்டு, "நிதானமாப் பாருங்கம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு சைக்கிள் கடை பீர்முகமது வேறு யாருடைய சைக்கிளுக்கோ வீல் கோட்டம் எடுக்கப் போய்விட்டார். நிதானமாம். நேற்று சாயங்காலத்திலிருந்து என் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று விடவில்லை. தாடை வலிக்கிறது. தூக்கத்திலும் கடித்துக்கொண்டேதான் கிடந்திருக்கிறேன் போல. எனக்குக் கோபம் வராது என்று எல்லாரும் சொல்வார்கள். ஞானப்பூ அக்கா வாயிலிருந்து ஒரு சுடுசொல் வந்து யாரும் கேட்டதில்லை என்று எங்கள் சபையின் பெண்கள் சங்கத்தில் சொல்வார்கள், நானும் ஐம்பத்தொன்பது வயதுவரை அதைக் கேட்டுத் தலையைக் குனிந்து சந்தோஷப்பட்டிருக்கிறேன். இப்போது அதை நினைத்தால் இந்த மூன்று கம்பியில் ஒன்றை எடுத்து எதையாவது ஓங்கி அடிக்கவேண்டும் போல இருக்கிறது. எதை என்றுதான் தெரியவில்லை. ஹெப்சியையா? அவள் என் மகள். ஆண்டவரே, மகளைக் கம்பியால் அடிக்க நினைத்ததை மன்னியும். இல்லை, மன்னிக்க வேண்டாம், கொஞ்சம் பொறும், நான் இன்னும் நினைத்து முடிக்கவில்லை. முதலில் கம்பியைப் பார்க்கிறேன். முதலாவது, இப்போது வண்டியில் இருக்கிற மாதிரியே குச்சிபோல நேராக, லேசாக மட்டும் எழும்பியிருக்கிறது. இரண்டாவது நாலு விரற்கடை உயரம், ஆனால் நுனி இரண்டும் பக்கவாட்டில் விறைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்றாவதுதான் ஒரு தினுசு. ஒரு சாணுக்கு மேலே எழும்பி, பிறகு இரண்டு பக்கமும் பின்னால் வளைந்து நம்மைப் பார்த்து வருகிறது, யாரோ இரண்டு கையையும் நீட்டி வா என்று கூப்பிடுவதுபோல. பார்த்ததும் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதாலேயே பயமாகவும் இருக்கிறது. எனக்குப் பிடித்ததை நான் எடுத்துப் பழக்கமில்லை.

வண்டி என் மகன் கிங்ஸ்லி வாங்கியது. மலைக்குப் போகிற சைக்கிள். தடித்த டயர், முன்னால் அமுங்குகிற ஸ்பிரிங், ஏழெட்டு கியர். கொரோனா சமயத்தில் வாங்கினான், மூன்று மாதம் ஓட்டினான், பிறகு ஆஸ்திரேலியாவுக்கு வேலை கிடைத்துப் போய்விட்டான். வண்டி பின்கட்டில் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றது. நான் நாசரேத் போர்டிங்கில் எட்டாங்கிளாஸ் படிக்கும்போது வார்டன் அம்மாவின் லேடீஸ் சைக்கிளில் ஏறி ஓட்டியிருக்கிறேன், அதோடு சரி. என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் வண்டியின் பின்னால். அவர் போனபிறகு ஹெப்சியின் ஸ்கூட்டி, மருமகனின் கார், இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோ. எங்கே போகவேண்டும் என்றாலும் சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். பத்து மணிக்கு வாரேன் என்றவள் பதினொன்றே காலுக்கு வருவாள், "எம்மா, பிள்ளைக்கு டியூஷன்" என்பாள், நான் "பரவால்லம்மா" என்பேன். எத்தனை பரவாயில்லை. நாசரேத் பனங்காட்டில் எத்தனை பனையோ அத்தனை பரவாயில்லை சொல்லியிருக்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு நாள், படுக்கையில் கிடந்த ஒரு அக்காவுக்கு ஜெபிக்கப் போகவேண்டும். இரண்டு மணிநேரம் காத்திருந்துவிட்டுச் சேலையை அவிழ்த்துப்போட்டேன். ஹெப்சி எனக்கு எடுத்துக் கொடுத்து நான் போடாமல் வைத்திருந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு சாக்கை உருவினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அந்த அக்கா தூங்கிப்போயிருந்தார். தலைமாட்டில் நின்று ஜெபித்துவிட்டு வந்தேன். முழங்காலில் சிராய்ப்பு. ஆனால் போனேன், வந்தேன். யாரையும் கூப்பிடவில்லை. அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு இன்றும் நாக்கில் இருக்கிறது, வெறும் ரசமும் அப்பளமும்தான்.

பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று ஹெப்சி சொல்லவில்லை, எங்கள் வீட்டில் யாரும் எதையும் அப்படிச் சொல்வதில்லை. "எம்மா, ரோட்ல லாரி வருது" என்றாள். "எம்மா, வெயில்" என்றாள். ஒரு தடவைதான் வாய்தவறி, "நாங்க உங்களைப் பாத்துக்கிடலன்னு ஆளுக நெனைப்பாக" என்று சொல்லிவிட்டு உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். அதுதான் விஷயம். லாரி இல்லை, வெயில் இல்லை. பெருமாள்புரத்தில் வீடு கட்டியிருக்கிற மகள், மெல்போர்னில் இருக்கிற மகன், அம்மாக்காரி சைக்கிள் மிதித்துக்கொண்டு போகிறாள் என்றால் ஊர் என்ன சொல்லும். அங்கே கிங்ஸ்லி தலைக்குக் கவசம், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, உடம்பைப் பிடித்த டவுசர் எல்லாம் போட்டுச் சைக்கிளோடு படம் எடுத்து அனுப்புகிறான், எல்லாரும் கைதட்டுகிற பொம்மை போடுகிறார்கள், நானும் கும்பிடுகிற பொம்மை ஒன்று போட்டேன். அவன் மிதித்தால் ஆரோக்கியம். நான் மிதித்தால் பிள்ளைகள் கைவிட்ட கிழவி. இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேனோ. பீர்முகமது திரும்பிப் பார்க்கிறார். "என்னம்மா, எதுவும் வேணுமா?" "இல்ல தம்பி, ஒண்ணுமில்ல." ஒன்றுமில்லை. பரவாயில்லை. இந்த இரண்டையும் வைத்தே ஒரு வாழ்க்கையை ஓட்டிவிட்டேன்.

சீட்டு. அதை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து சுற்றிச்சுற்றி வருகிறேன், நாக்கு ஆடுகிற பல்லிடமே போவதுபோல அதனிடமே போகிறது. எங்கள் சங்கத்தில், ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து தொடங்கும் புதன்கிழமை ஒரு வழக்கம். யாருக்கு என்ன பாரமோ அதைப் பேர் போடாமல் எழுதி சங்கச் செயலாளர் குணமணியிடம் கொடுத்துவிடவேண்டும். கையெழுத்து தெரிந்துவிடக்கூடாது என்று அவள் எல்லாவற்றையும் தன் கையாலேயே திருப்பி எழுதி, பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்குவாள். ஆளுக்கு ஒரு சீட்டு. நாற்பது நாளும் அந்தச் சீட்டுக்காக ஜெபிக்கவேண்டும், யாருடையது என்று கேட்கக்கூடாது, ஊகிக்கவும் கூடாது. எனக்கு வந்த சீட்டில், "பிள்ளைகள் சொல்லைக் கேளாமல் பிடிவாதமாயிருக்கும் ஒரு தாயாரின் மனம் உடைய ஜெபிக்கவும்" என்று எழுதியிருந்தது. அடப் பாவமே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஊகிக்கக்கூடாது, ஆனாலும் ஊகித்தேன். சங்கத்தில் தங்கராணி என்று ஒருத்தி, மூன்று மருமகளோடும் பேச்சுவார்த்தை இல்லை, அவளாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிட்டேன். அவளுடைய கொண்டையை நினைத்துக்கொண்டு ஜெபித்தேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் பட்டினி. முழங்காலில் நின்று கண்ணீர் விட்டு ஜெபித்தேன். மூன்றாவது வாரம் ஒரு நாள் ஜெபத்தில் அனல் ஏறி, "ஆண்டவரே, சொல்லில் கேட்காவிட்டால் அந்தத் தாயாரைச் சரீரத்தில் தொடும்" என்றேன். சரீரத்தில் தொடும். யார் என்னைக் கேட்டது? சீட்டில் மனம் உடைய என்றுதான் இருந்தது, சரீரத்தை நானாகச் சேர்த்தேன். அடுத்தவள் பிள்ளைகளுக்காக அவ்வளவு தாராளம். அந்த வாரமே என் வலது கையின் சுண்டுவிரல் மரத்தது. பிறகு அதற்கு அடுத்த விரல். பிறகு இடது கை. காபி டம்ளர் தரையில் போனது. பெரிய வியாழக்கிழமை திருவிருந்தில் முழங்காலிட்டுக் கிண்ணத்தை வாங்கும்போது என் கை எனக்கே தெரியாமல் ஆடி, எங்கள் சபைப் போதகரான ஐயர் தன் கையால் என் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளவேண்டியதாயிற்று. வெட்கத்தில் திராட்சரசத்தின் ருசியே தெரியவில்லை. டாக்டர் நரம்பு என்றார், கையில் பாரம் கொடுக்காதீங்க, சைக்கிளெல்லாம் வேண்டாம் என்றார். சரி என்று நிறுத்திவிட்டேன். அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நேற்று உறைத்தது. ஈஸ்டர் பண்டிகை முடிந்து நன்றி சொல்லும் ஸ்தோத்திரக் கூட்டம். சீட்டுப் போட்டவர்களில் பதில் கிடைத்தவர்கள் எழுந்து சாட்சி சொல்லலாம். மூன்றாவது வரிசையில் ஹெப்சி எழுந்தாள். நான் கொடுத்த பச்சைக்கரைச் சேலை. "எங்க வீட்டுக் காரியத்துக்காகப் பேர் எழுதாமச் சீட்டுப் போட்டிருந்தேன். எங்க அம்மா சைக்கிள் ஓட்டுறதை நிறுத்தணும்னு நானும் தம்பியும் ஒன்றரை வருசமாப் போராடினோம். கர்த்தர் கேட்டாரு. அம்மா நிறுத்திட்டாங்க. எந்தச் சகோதரி அந்தச் சீட்டை எடுத்து ஜெபிச்சீங்களோ தெரியல, உங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன்." அறுபது பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பாசமான சிரிப்பு, அதுதான் கொல்கிறது. பக்கத்தில் தங்கராணி, ஆமாம் தங்கராணியேதான், என் தொடையில் தட்டி, "குடுத்து வச்சவிய நீங்க, எம் பிள்ளையளும் இருக்கே" என்றாள். சீட்டு என் மடியில் ஜெப நோட்டுக்குள் இருந்தது. நான் என்ன செய்தேன்? சிரித்தேன். தோத்திரம் என்றேன். என் சிரிப்பை நினைத்தால்தான் இந்தப் பல் கடிபடுகிறது. என் கைகள் இரண்டும் செத்ததற்கு என் மகள் நன்றி சொல்லுகிறாள், நான் தோத்திரம் சொல்லுகிறேன், கேட்டுக்கொண்டது நான், கொடுத்தது நீர். இதில் யாரைக் கோபிக்க? எல்லாரையும். அவளை, தம்பிக்காரனை, அந்த டப்பாவை, குணமணியின் அழகான கையெழுத்தை. உம்மையும்தான். நாற்பது நாள் நான் பேசியதைக் கேட்டுக்கொண்டு, ஏ கழுதை, நீ உன்னைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று ஒரு ஜாடை காட்டக் கூடாதா? காலையில் எழுந்ததும் வண்டியை இந்தக் கடைக்குத் தள்ளிக்கொண்டு வந்து, கை மரக்கிறது, கம்பியை மாற்றமுடியுமா என்று கேட்டுவிட்டேன்.

"முடிவு பண்ணிட்டீகளா?" பீர்முகமது கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வருகிறார். நாற்பத்தைந்து வயதிருக்கும், தாடியில் கிரீஸ். இல்லை தம்பி, இன்னும் இல்லை, முதலில் இந்த மரப்பு எதனாலே என்று சொல்லுங்கள் என்கிறேன். டாக்டரிடம் கேட்காததை சைக்கிள் கடைக்காரரிடம் கேட்கிறேன். அவர் வண்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து இருக்கைக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே கையைச் சாண் சாணாக வைக்கிறார். "இது ஆறடி ஆளுக்கு வாங்குன வண்டில்லா. உங்க மகன் உசரமா?" "அவனா, பனைமரம்." "அதான். நீங்க எட்டிக் குனிஞ்சு பிடிக்கீக. மேல் பாரம் பூராவும் உள்ளங்கையில எறங்குது. உள்ளங்கையில இங்கன, சுண்டுவிரலுக்குக் கீழ, ஒரு நரம்பு ஓடுது, அதைப் போட்டு நசுக்கிக்கிட்டே போறீக. ஒன்றரை வருசம் தாங்குனதே பெருசு. சமீபத்துல கூடுதலா ஓட்டினீகளோ?" கூடுதலா. லெந்து நாற்பது நாளும் சாயங்காலம் ஒரு வீட்டு ஜெபம். சமாதானபுரத்திலிருந்து கே.டி.சி. நகர், அங்கிருந்து திரும்ப, நடுவில் முருகன்குறிச்சியில் ஒரு நோயாளி. தினமும். எனக்குச் சிரிப்பு வருகிறது, வெளியே வரவில்லை. பிடிவாதக்காரத் தாயார் சைக்கிளை விட வேண்டும் என்று ஜெபிக்க, பிடிவாதக்காரத் தாயாரே சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறாள். அப்படியானால் தொட்டது நீர் இல்லையா? இந்தக் கம்பியா? அல்லது கம்பியால் தொட்டீரா? அப்படியும் செய்வீர். இந்த இடத்தில்தான் என் புத்தி முள்ளில் சேலை மாட்டினதுபோல மாட்டிக்கொள்கிறது. இழுத்தால் கிழியும். கையின் மரப்பு உம்முடைய பதில் என்றால், நான் இந்த வளைந்த கம்பியை மாட்டுவது உம் கையைத் தட்டிவிடுவது. நானே கேட்டு வாங்கியதை நானே தட்டிவிடுவது. மாட்டாமல் போனால் மறுபடியும் நாற்காலி, மறுபடியும் மடியில் பை, பரவால்லம்மா.

"கண்ணை மூடுங்கம்மா" என்கிறார் திடீரென்று. எதற்கு என்று கேட்கவில்லை, கண்ணை மூடு என்றால் மூடிப் பழக்கம். "நிமிந்து உக்காருங்க. தோளை எறக்குங்க. இன்னும். இப்ப ரெண்டு கையையும் சும்மா முன்னால நீட்டி, எது சௌரியமோ அப்படி முட்டி பிடிங்க." முட்டிகளுக்குள் ஏதோ மெல்லிசாகச் செருகுகிறார். "கண்ணத் திறங்க." இரண்டு கையிலும் இரண்டு பென்சில். அவை நேராக ஒரே கோட்டில் இல்லை, நுனிகள் உள்பக்கமாகத் திரும்பி, முன்னால் எங்கேயோ போய்ச் சந்திக்கப்போவதுபோல நிற்கின்றன. அவர் இரண்டாவது கம்பியை எடுத்து என் கைமேல் பிடிக்கிறார், பென்சிலுக்கும் கம்பிக்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவதை எடுத்துப் பிடிக்கிறார். பென்சிலும் கம்பியும் ஒன்றன்மேல் ஒன்று. "பாத்தீகளா. அல்லா படைச்ச கை இப்படித்தான் நிக்கும். கையில குறை ஒண்ணுமில்ல. கம்பிதான் தப்பு." எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். பஞ்சரா, டியூபா என்று சொல்வதுபோல. ஐந்து வாரமாக என் கையில் குறை, என் மனதில் குறை, என் ஜெபத்தில் குறை என்று தேடிக்கொண்டிருந்தேன், ஒரு ஆள் இரண்டு பென்சிலை வைத்து இல்லை என்கிறார். அவர் சொன்னால் ஆகிவிடுமா? ஆகாது. ஆனால் என் கை அங்கே நிற்கிறதே. நான் நிறுத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

போன் அடிக்கிறது. கிங்ஸ்லி, முகம் தெரிகிற கால். சனிக்கிழமை இந்நேரத்துக்குத்தான் கூப்பிடுவான். எடுக்காமல் விட்டிருக்கலாம். "எம்மா, எங்க இருக்கீய, பின்னால என்ன ஒரே டயரா தொங்குது?" சொன்னேன். கம்பியையும் காட்டினேன், காட்டியிருக்கவே கூடாது. வயிறு குலுங்கச் சிரிக்கிறான். "எம்மா! அது மலையில ஏத்துற வண்டி! இதப் போட்டா பால்காரர் வண்டி மாதிரில்லா இருக்கும். ரெண்டு பக்கமும் கேனைத் தொங்க விட்டுட்டுப் போங்க, காலையில ரெண்டு ரவுண்டு அடிச்சிரலாம்." "சரிடா" என்கிறேன். "அதான் நிறுத்திட்டீயன்னு அக்கா சொன்னாளே. சந்தோசப்பட்டேன். அந்த வண்டிய வித்துருவோம்மா, எங்கூடப் படிச்சவன் ஒருத்தன் கேக்கான், நாளைக்கு வந்து பாக்கச் சொல்லியிருக்கேன். கம்பிய கிம்பிய மாத்திராதீய, ஒரிஜினலா இருந்தாத்தான் எடுப்பான்." நாளைக்கு. ஞாயிற்றுக்கிழமை. நான் ஆராதனைக்குப் போய்விட்டு வருவதற்குள் பின்கட்டு காலியாக இருக்கும். "எங்கிட்டக் கேட்டியா?" என்கிறேன். வாய் கேட்டுவிட்டது. அவனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "என்னம்மா?" "வண்டிய விக்கணும்னு எங்கிட்டக் கேட்டியான்னேன்." "எம்மா, நீங்கதான் ஓட்டுறதில்லையே... எம்மா, கோவமா இருக்கீயளா?" முன்னால் என்றால், இல்லய்யா, ஒன்றுமில்லை என்றிருப்பேன். அது நாக்கின் நுனிவரை வந்தும்விட்டது, பழகின நாய் மாதிரி. "ஆமா" என்றேன். அவனுக்குப் பின்னால் அவன் சைக்கிள் சுவரில் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. "பெறவு பேசுதேன்" என்று வைத்தேன்.

பீர்முகமது கேட்காததுபோல இருந்தார், நல்ல மனுஷர். பிறகு, "எம்மா, ஒரு விஷயம்" என்றார். இந்த வண்டியில் கம்பியைப் பிடிக்கிற கழுத்து தடிமன், சாதா சைக்கிள் ஹேண்டில் போட்டால் ஆடும். இது அளவாக வரும், ஆனால் அகலம் கூடுதல், எனக்குத் தோள் சின்னது, இரண்டு நுனியிலும் இரண்டு விரற்கடை அறுத்துவிடவேண்டும். உயரம் கூடினதால் பிரேக் ஒயரும் கியர் ஒயரும் எட்டாது, பழையதைக் கழற்றிவிட்டுப் புதுசு இழுக்கணும். "அறுத்துட்டா திருப்பி எடுக்க மாட்டேன். பழசையும் திரும்ப மாட்டணும்னா ஒயரெல்லாம் மறுபடி மாத்தணும். யோசிச்சுச் சொல்லுங்க. வீட்ல கேக்கணும்னாலும் கேட்டுக்கிடுங்க." வீட்டில் யாரைக் கேட்க? சுவரில் மாலையோடு இருக்கிறவரையா? அவர் இருந்தாலும், "பிள்ளைய சொல்லுதாகல்லா" என்றிருப்பார். இரும்பு அறுக்கிற ஆக்சா பிளேடு பீர்முகமதுவின் கையில் இருக்கிறது. கம்பியைப் பிடிப்பானில் மாட்டி, நுனியில் சாக்பீசால் கோடு போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். ஆண்டவரே, இப்போது ஒரு ஜாடை காட்டும். கடைக்கு வெளியே பஸ் போகிறது. ஒருத்தி பூ விற்கிறாள். ஜாடை ஒன்றும் இல்லை. சரி, கேளும். நாற்பது நாளும் நான் கேட்டது எனக்குத் தெரியாமல் கேட்டது. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். வாங்கலாமா, வாங்கக்கூடாதா என்று எனக்குச் சொல்லித்தர யாரும் இல்லை, ஐயரிடம் கேட்டால் சங்கத்துக்கே தெரிந்துவிடும். எழுதிப் போட்டவள் தன் பேரைப் போடவில்லை, ஜெபித்தவளுக்கு யாருக்கு என்று தெரியவில்லை, இதையெல்லாம் ஒரு விண்ணப்பம் என்று எடுத்துக்கொண்டு நீர் என் விரலை மரக்கச் செய்தீர் என்றால், செய்தீர் என்று எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு அற்பமான வேலையை நீர் செய்யமாட்டீர். உம்மை நான் இன்னும் கொஞ்சம் பெரியவராகத்தான் நினைத்து வைத்திருக்கிறேன். அப்படி இல்லை, நான்தான் செய்தேன் என்று நீர் சொன்னால், செய்துகொள்ளும், மறுபடியும் மரக்கட்டும், அப்போது பார்ப்போம். என்ன பேசுகிறேன் நான். யாரிடம் பேசுகிறேன். நாக்கு நிற்கவில்லை.

"அறுங்க தம்பி" என்றேன்.

அறுக்கிற சத்தம் பல்லுக்குள் கூசுகிறது. பொடி வெள்ளையாகச் சிமெண்டுத் தரையில் கொட்டுகிறது. ஒரு பக்கம் விழுந்தது, பிறகு மறுபக்கம், இரண்டு மோதிரம் மாதிரித் துண்டு. அரம் போட்டு விளிம்பைத் தேய்க்கிறார். பழைய கம்பியைக் கழற்றும்போது வண்டி கழுத்தில்லாத கோழிபோல நிற்கிறது, கிங்ஸ்லி சொன்னதுபோல இனி அவன் சிநேகிதன் எடுக்கமாட்டான். எடுக்கவேண்டாம். அரைமணி நேரம் ஒயர் இழுப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், இங்கேயும் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஆனால் இந்தக் காத்திருப்பு உடம்பை அரிக்கவில்லை. எனக்காக ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. ஹெப்சி ஒன்றாங்கிளாஸில் படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் யாரோ அவள் பென்சில் பெட்டியை எடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டு வந்தாள். நான் என்ன செய்தேன்? டீச்சரிடம் போய்க் கேட்டேனா? முழங்காலில் நிறுத்தி, வா, இயேசப்பாகிட்டச் சொல்லுவோம் என்றேன். வீட்டுக்காரர் என்னைத் திட்டினால் அடுக்களையில் போய் ஜெபம். மாமியார் நகையை வாங்கி வைத்துக்கொண்டபோது ஜெபம். கிங்ஸ்லி ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தபோது, ஏன்டா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை, ஜெபம். முகத்துக்கு நேரே சொல்லவேண்டியதையெல்லாம் மேலே அனுப்பிவைத்தேன், ஆண்டவர் சேர்ப்பித்துவிடுவார் என்று. பிள்ளைகள் அதைத்தான் பார்த்து வளர்ந்தார்கள். இந்த நினைப்பு வந்ததும் கோபம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை, இன்னொரு கிளை விட்டு என் பக்கமும் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான்.

"ஏறிப் பாருங்கம்மா." ஏறினேன். கடைக்கு முன்னால் ஒரு சுற்று. முதுகு நிமிர்ந்து நிற்கிறது. கை கம்பியைத் தேடிப்போகவில்லை, கம்பி கைக்கு வந்திருக்கிறது. பாரம் கையில் இல்லை, இடுப்பில். இதுவரை டயரையும் தாரையும் பார்த்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன், இப்போது எதிரே வருகிறவர்களின் முகம் தெரிகிறது. திருப்பும்போது அகலமாகத் திரும்புகிறது, பழகவேண்டும். பூக்காரி, "யக்கா, ஜம்முன்னு இருக்கு, புல்லட்டு மாதிரி" என்கிறாள். விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்க்கிறேன். சுண்டுவிரல் இன்னும் பாதிதான் என்னுடையது. பீர்முகமது, "ஒரே நாள்ல சரியாவாது, ஒரு மாசம் ஆவும்" என்கிறார். ஆகட்டும். இறங்கி வண்டியை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, யோசித்தால் செய்யமாட்டேன் என்று தெரிந்து, யோசிக்காமல் ஹெப்சியைக் கூப்பிட்டேன்.

"எம்மா, சொல்லுங்க. மிக்ஸியில அரைச்சுக்கிட்டிருக்கேன்."

"அந்தச் சீட்டு எங்கிட்டதான் இருந்துச்சு."

"எந்தச் சீட்டு?"

"நீ போட்ட சீட்டு. பிடிவாதக்காரத் தாயார்."

மிக்ஸி நின்றது. "எம்மா... நீங்களா? நாப்பது நாளுமா?"

"நாப்பது நாளும். வெள்ளிக்கிழமை பட்டினியும் கிடந்தேன்."

ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா தெரியவில்லை. "சிரிக்கியாட்டி?" என்றேன். "சிரிப்பு வருதும்மா, என்ன செய்ய" என்றாள், குரல் உடைந்திருந்தது. "சிரி. எனக்கு வரல." பிறகு அவள், என் மகள், என்றைக்கும் எதிர்த்துப் பேசாதவள், "உங்ககிட்ட எப்பம்மா நேரா ஒண்ணு சொல்ல முடிஞ்சிருக்கு?" என்றாள். "ஏதாவது சொன்னா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு ஜெபத்துக்குப் போயிருவீய. நான் எங்க போயி சொல்ல? அன்னைக்கு பைபாஸ்ல ஒரு அம்மா லாரிக்கடியில போனதைப் பாத்துட்டு வந்து மூணு நாளு நான் தூங்கலம்மா. அத நீங்க கேட்டீயளா?" கேட்கவில்லை. எனக்குத் தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதற்காக நான் விட்டுக்கொடுக்கப்போவதில்லை, இரண்டும் ஒரே நேரத்தில் என் நெஞ்சில் நிற்கிறது, இடித்துக்கொள்ளாமல். இப்படி நிற்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

"இப்பப் பேசுவோம்" என்றேன். "உங்கூடச் சண்டை போடணும்."

"சண்டையா? நீங்களா?"

"ஆமா. ஜெபம் பெறவு."

"சரிம்மா," என்றாள், பயந்தாற்போல, கொஞ்சம் ஆசையாகவும். "அவுகள அனுப்பட்டா? கார்ல வந்து கூட்டிட்டு வரச் சொல்லுதேன். ஒரு ஒருமணி நேரம் இருந்துக்கிடுங்க."

"யாரும் வர வேண்டாம். நானே வாரேன்."

"எதுலம்மா?"

போனை வைத்துப் பையில் போட்டேன். பெருமாள்புரத்துக்கு இருபது நிமிஷம். ஓரமாகப் போவேன், லாரி வந்தால் இறங்கி நிற்பேன், அதையும் அவளிடம் சொல்லவேண்டும். என்னென்ன சொல்லவேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே ஏறி உட்கார்ந்து மிதித்தேன். காற்று முகத்தில் நேராக அடிக்கிறது. கோபம் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம், அவள் வீடு வரைக்கும் அது வேண்டும்.